மாதா கட்டிய பூநாரைப் புடவை

மாதா துணை

வேப்பம்பட்டு,
டிசம்பர், முதல் வெள்ளி.

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மச்சான், பொன்னேரி வழக்கறிஞர் சாலமோன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மேரியின் கணவன் யேசுதாஸ் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், மேரி, ஏஞ்சலின் மூவரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். மற்றபடி இந்த வீட்டில் நலமாக இருந்தது மிக்ஸி ஒன்றுதான், அதுவும் நேற்று நின்றுவிட்டது. அத்திப்பட்டில் தாங்களும் ஹெலன் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஆனால் மாதாவே இந்த விவகாரத்தில் மாட்டிக்கொண்டிருப்பதால் முன்போல உரிமையோடு கேட்க வாய் வரவில்லை.

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி போனில் சொன்னீர்கள். எழுதுகிறேன். நம் ஏஞ்சலின் ஃபேஷன் டிசைன் படித்து முடித்ததும் முதன்முதலாகச் செய்தது ஒரு புடவை. பழவேற்காட்டுக்குப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து பூநாரைகளைப் பார்த்து வரைந்துகொண்டு வந்து, அந்த நீளக் கால்களை ஒன்றோடொன்று பின்னலாக ஓடவிட்டு பார்டர் ஆக்கி, முழுப் புடவையையும் கையாலேயே வண்ணம் தீட்டினாள். எனக்கு டிசைனைப் பற்றி ஒன்றும் தெரியாது மச்சான், காக்களூரில் லேத்து ஓட்டியவன் நான். ஆனால் அதை விரித்துப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. "பாப்பா, செப்டம்பர் திருவிழாவுக்கு இத மாதாவுக்குச் சாத்திடலாம்" என்றேன். அவள் தயங்கினாள். "நைனா, ரிஜிஸ்தர் பண்றதுக்கு முன்னாடி டிசைனை வெளில யாருக்கும் காட்டக்கூடாதுன்னு காலேஜ்ல மேடம் சொல்லிகினே இருப்பாங்க" என்றாள். "மாதாவுக்குக் காட்டுனா இன்னா தப்பு? மாதா இன்னா கடையா வெச்சிருக்காங்க?" என்று அடக்கிவிட்டேன். பெற்ற தகப்பன் சொல்கிறானே என்று அவளும் கொடுத்துவிட்டாள்.

தேர் அன்று மாதா அந்தப் புடவையில் நின்ற அழகைச் சொல்லி முடியாது. தேர் வந்த தெருவெல்லாம் ஜெபமாலை சொல்ல வேண்டிய கைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றன. மைக்கில் அறிவிப்புச் செய்த ஜோசப்பிடம் நானே ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, புடவை யார் டிசைன், என்ன பறவை, எந்த ஊர் ஏரி என்று தெருவுக்குத் தெரு சொல்லவைத்தேன். மகளின் ரகசியத்தை ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன தகப்பன் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் நான் ஒருவன்தான். திருவிழா முடிந்ததும் வழக்கப்படி மாதாவுக்குச் சாத்திய புடவைகளை ஏலம் விட்டார்கள். பூநாரைப் புடவையை எடுத்தவர் திருவள்ளூர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் லோகு. அவர் இந்து, ஆனாலும் மாதா புடவையை வேண்டுதலுக்காக எடுக்கிறார் என்று நான்தான் முதலில் கை தட்டினேன், பக்கத்தில் இருந்தவர்களையும் தட்டச் சொன்னேன்.

தீபாவளி வந்தது. வேப்பம்பட்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எனக்கு முன்னால் போன ஒரு பெண்மணியின் புடவை பார்டரில் ஏதோ பறவை வரிசை தெரிந்தது. குனிந்து பார்த்தபடியே பின்னால் போனேன். அந்த அம்மா திரும்பி, "இன்னாயா, பொம்பள பின்னாடி குனிஞ்சிகினே வர்ற?" என்று கேட்டாள். "உங்கள இல்லம்மா, உங்க புடவையத்தான் பாக்குறேன்" என்று உண்மையைச் சொன்னேன். உண்மை பேசினால் இந்தக் காலத்தில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரயிலில் இருந்து இறங்கியவர்களும் ஏற வந்தவர்களும் சேர்ந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். என்னைத் தெரிந்த பூக்காரம்மா வந்து, "சர்ச்சுக்குப் போற மன்சன், வுடுங்கப்பா" என்று சொல்லித்தான் மீட்டார். அந்தக் கலவரத்திலும் பார்டரைச் சரியாகப் பார்த்துக்கொண்டேன். நம் பூநாரைதான் மச்சான். ஆனால் துணி மிச்சம் பிடிக்கக் காலைப் பாதியாக வெட்டி, கழுத்தையும் உள்ளே தள்ளி, கோழி மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

நேராக லோகு கடைக்குப் போனேன். வாசலிலேயே கலர் கலராகக் கோழிகள் தொங்கின. "இது என் பொண்ணு போட்ட டிசைனு, நீ எப்டிய்யா அடிச்சி விக்கலாம்?" என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்து, "அண்ணா, இது மாதா கட்ன புடவை. மாதா எல்லாருக்கும் அம்மா. அம்மா புடவைய புள்ளைங்க கட்டிக்கக்கூடாதுன்னு நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார். கடையில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிறிஸ்தவனாகப் பிறந்த நானே தலையாட்டிவிட்டேன். சாட்சியத்துக்கு ஆகட்டும் என்று ஒரு கோழிப் புடவையை நானே வாங்கிக்கொண்டு, அவர் கொடுத்த புதுவருடக் காலண்டரையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்து போலீஸ். ஸ்டேஷனில் இருந்தவர் மரியாதையாக உட்காரவைத்து, "புடவை எப்போ திருடு போச்சி?" என்று கேட்டார். புடவை திருடு போகவில்லை, ஏலத்தில் முறையாகத்தான் போனது என்றேன். "அப்ப எதான் திருடு போச்சி?" என்றார். "அதுல இருந்த பறவை சார்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இன்னா பறவை?" என்றார். பூநாரை என்று சொன்னேன். "அதுக்கு ஃபாரஸ்ட்டு ஆபீஸ்தான் போவணும், பெரியவரே" என்று வழிகூடச் சொல்லி அனுப்பினார். இதை யாரிடம் சொல்லி அழுவது?

இதெல்லாம் என் மானம் போன கதை, அது போனால் போகட்டும். தாங்க முடியாதது வேறு. போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மா மகள் சடங்குக்குத் துணி தைக்க ஏஞ்சலினிடம் வந்தாள். சுவரில் மாட்டியிருந்த பூநாரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "லோகு கடை கோழிப் புடவைய அப்டியே பாத்து வரைஞ்சிட்டியே, நல்ல கை உனக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனாள். அந்த அம்மா போனதும் ஏஞ்சலின் படத்தைக் கழற்றிச் சுருட்டி, மற்ற தாள்களோடு சேர்த்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். மறுநாள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் போய் அசெம்பிளி லைனில் நிற்கும் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வருகிற திங்கட்கிழமை முதல் கம்பெனி பஸ். அழுதிருந்தாலாவது தேற்றியிருப்பேன். "நாம வரைஞ்சத நாமளே வரைஞ்சோம்னு சொல்ல முடியல, அப்புறம் இன்னாத்துக்கு நைனா?" என்று கேட்கிறாள். வேலை கேவலமில்லை, வேலை செய்துதான் அவளைப் படிக்கவைத்தேன். ஆனால் மிஷின் முன்னால் நின்று என் கை என்னவெல்லாம் மறந்தது என்று எனக்குத் தெரியும். அவள் கையும் மறந்துவிடும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் போனில் நீங்கள் சட்டம் சொன்னீர்கள். ரிஜிஸ்தர் செய்யும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்டதால் டிசைன் சட்டத்தில் இனி பதிய முடியாது என்றீர்கள். அதாவது தேர் போன தெருவெல்லாம் நமக்கு எதிரான சாட்சி. ஆனால் வரைந்த படத்துக்குக் காப்புரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது, நாமோ நம் சம்மதத்தோடு வேறு யாருமோ அந்த டிசைனை மிஷினில் ஐம்பதுக்கு மேல் அடிக்காமல் இருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கும், அதை வைத்து லோகுவைப் பிடித்துவிடலாம் என்றீர்கள். மச்சான், அன்றிரவுதான் பல நாளைக்குப் பிறகு தூங்கினேன். இதோ எழுதித் தருகிறேன்: என் மகள் செய்தது ஒரே ஒரு புடவை. அதுவும் கையால் தீட்டியது. நாங்கள் யாருக்கும் அடிக்கக் கொடுக்கவில்லை, எந்த மிஷினும் அதைத் தொட்டதில்லை. இதை மாதாமேல் ஆணையாகச் சொல்கிறேன். லோகுவுக்கு உடனே நோட்டீஸ் அனுப்புங்கள். நஷ்டஈடு எதுவும் வேண்டாம். இது ஏஞ்சலின் யேசுதாஸ் வரைந்தது என்று கடை வாசலில் எழுதி மாட்டினால் போதும். திங்கட்கிழமைக்குள் நோட்டீஸ் நகலாவது கையில் இருந்தால் அவளைப் பஸ் ஏறாமல் தடுத்துவிடுவேன்.

ஹெலன் அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் தலைமேல் மாதாவின் கை எப்போதும் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு மேரி முறுக்கு சுட்டு அனுப்புவாள், மிக்ஸி பிழைத்தால் கல்கண்டு போளியும் வரும்.

தங்கள் பதிலை நம்பியே மூச்சு விடும்,
மா. யேசுதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மேரிக்கு வாசித்துக் காட்டினேன். ஐம்பது என்ற இடம் வந்ததும் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "இன்னாங்க, அந்த அம்பதுல எங்க அண்ணி எடுத்துகினு போனதும் சேருமா?" என்று கேட்டாள். என்ன எடுத்துக்கொண்டு போனார்கள் என்றேன். அத்திப்பட்டுக் கோயில் மாதர் சங்கத்துக்குக் கிறிஸ்துமஸ் புடவை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்று ஹெலன் அக்கா அக்டோபரில் வந்து கேட்டார்களாம். அத்தை கேட்டால் எப்படி மறுப்பது என்று ஏஞ்சலினே படத்தைக் கொடுத்தாளாம். காக்களூரில் நான் வேலை பார்த்த தெருவிலேயே ஒரு பிரிண்டிங் யூனிட்டில் மிஷினில் அடித்து, அறுபது புடவை அத்திப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். "அப்பவே ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "நீங்கதான் புடவை கட்ன பொம்பளைங்க பின்னாடியெல்லாம் ஓடிகினு இருந்தீங்களே, எப்டி சொல்றது?" என்கிறாள். அதில் ஒன்று இப்போது உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கிறது மச்சான்.

ஆகவே நோட்டீஸ் வேண்டாம். மேலே எழுதிய ஆணைக்காக ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன். ஏஞ்சலினிடம் இதைச் சொன்னபோது, "பரவால்ல நைனா, அத்தை அடிச்சதுல காலு முழுசா இருந்துச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமைக்கு டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டாள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் பாதிராப் பூசைக்கு அறுபது பேரும் அதைக் கட்டிக்கொண்டு வரும்போது, புடவை நன்றாயிருக்கிறதே என்று யார் கேட்டாலும், வேப்பம்பட்டு ஏஞ்சலின் வரைந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அவளை நான் எப்படியாவது அங்கே கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கவைக்கிறேன்.