டாக்டர் எனக்கு என்ன வேணும்?

மதிப்பிற்குரிய பல் டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர அனைவரும் நலம். தங்கள் வீட்டிலும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். 'ஐயா' என்று போட்டதற்குக் கோபிக்க வேண்டாம். எப்படி அழைப்பது என்று தெரியாததால்தான் இந்தக் கடிதமே.

மின்சார அலுவலகத்தில் பில் போடும் நிரல் எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. புகைப்படங்களை அடுக்கி வைக்க இணையத்தில் ஒரு மென்பொருள் கிடைக்கிறது. இலவசம். அதன் மூலநிரலையும் மூடி வைக்காமல் திறந்தே போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தி, புதிதாக ஒட்டுப் போட்டு அனுப்பலாம். முகம் பார்த்துப் பெயர் சொல்கிறதே தவிர அதற்கு உறவை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. என் தம்பி எனக்குத் தம்பி, மகளுக்குச் சித்தப்பா, மனைவிக்குக் கொழுந்தன். அதற்கோ எல்லாரும் வெறும் 'அங்கிள்'. பொறுக்காமல், படத்தை யார் பார்க்கிறார்களோ அவர்கள் முறைப்படி உறவு சொல்லும் துணைநிரல் ஒன்றை எழுதி அனுப்பினேன். அதைச் சரிபார்ப்பவர் எங்கோ இருக்கும் ஒரு பெண்மணி. 'பனிப்பூனை' என்ற பட்டப்பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. "பாதிப் பேருக்கு மாமா என்றே வருகிறதே, பிழையா?" என்று கேட்டார். பிழையில்லை அம்மணி, குடும்பம் என்று எழுதினேன். ஒப்புக்கொண்டார். அடுத்த கேள்விதான் ஆளைச் சாய்த்துவிட்டது. "கல்யாணம் நடந்த தேதியைக் கேட்கிறது உங்கள் நிரல். முடிந்த தேதிக்கு இடமே இல்லையே?"

நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு கட்டம் வைத்தேன். சோதித்துப் பார்க்க நமக்குத் தெரிந்த தேதியையே போட்டேன். உங்கள் மகனும் என் மகளும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு டாக்சியில் ஏறிய தேதி. கல்யாணப் புடவை எடுத்த அன்று நீங்களும் நானும் ஜவுளிக்கடை நாற்காலிகளில், இரண்டு வீட்டுக் கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிகிறோமே, அந்தப் படத்தில் உங்கள் முகத்தின் கீழ் இருந்த 'சம்பந்தி' அழிந்து கட்டம் காலியானது. ஓரத்தில் 'சோதனை வெற்றி' என்று பச்சை டிக் வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

எதையாவது நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன். 'நண்பர்' என்றால் பொய்; மண்டபம் பிடித்ததிலிருந்து ஜெனரேட்டர் வரை நாம் சண்டை போடாத விஷயமே இல்லை. 'முன்னாள் சம்பந்தி' என்றால் பதவி போன அமைச்சர் மாதிரி இருக்கிறது. 'தெரிந்தவர்' என்று தட்டிப் பார்த்தேன், எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. பனிப்பூனையோ "இந்த வாரம் சேர்த்துவிடட்டுமா?" என்று அவசரப்படுத்துகிறார். சேர்த்துவிட்டால் இன்னும் எத்தனை வீட்டில் இப்படிக் கட்டம் காலியாகுமோ.

இதற்கிடையில் பல். நீங்கள் அடைத்த பல்தான். வேறு டாக்டரிடம் வாயைத் திறக்க மனமில்லை. உங்களிடம் வருவதற்கோ என்ன முறை என்று தெரியவில்லை. நேற்று துணிந்து கிளினிக் வரை வந்தேன். மேசையில் புதிதாக ஒரு பெண். நிமிர்ந்து, "என்ன சார் வேணும்?" என்றாள். உறவுமுறையிலேயே ஊறிப்போன மண்டை. டாக்டர் உங்களுக்கு என்ன வேணும் என்றுதான் என் காதில் விழுந்தது. "அதாம்மா தெரியல. போன வருஷம் வரைக்கும் சம்பந்தி" என்றேன். பாவம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "கூட யாராவது வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டாள். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பல் கூசியதுதான் மிச்சம்.

ஆகவே ஐயா, அந்தக் கட்டத்துக்குத் தாங்களே ஒரு சொல் சொல்லியருள வேண்டும். காலியாகவே இருக்கட்டும் என்றாலும் சொல்லிவிடுங்கள், அப்படியே அனுப்பிவிடுகிறேன். தங்கள் மகனுக்கு என் ஆசிகள். அவன் மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

இப்படிக்கு,
தங்களுக்கு என்ன வேண்டுமென்று தெரியாதவன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டபோது என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தன் செல்போனை நீட்டினாள். உங்கள் வீட்டம்மா படம், கீழே 'சம்பந்தியம்மா'. தினமும் பேசிக்கொள்கிறார்களாம். "இன்னுமா அப்படிக் கூப்பிடறே?" என்றேன். "பிரிஞ்சது அவங்க ரெண்டு பேரு. எங்களை யாரு கேட்டா?" என்றாள். நிரலில் முடிந்த தேதி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அது வந்தால் சம்பந்தியை அழிக்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டேன். பனிப்பூனை காரணம் கேட்டார். வீட்டில் சொன்னார்கள் என்று எழுதினேன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள், சம்பந்தி. நாளைக்குப் பல்லைக் காட்ட வருகிறேன். என்ன வேணும் என்று அந்தப் பெண் கேட்கட்டும்.