நாயனத்துக்குப் பின்னால் தொண்ணூறு மைல்

சுதந்திரம் வந்த பிறகு தென்காசியில் மிக வேகமான காரை வைத்திருந்தவரும், மிக அதிகமாக நடந்தவரும் ஒரே மனிதர்தான். ஊர் அவரை ‘ரெண்டு சீட்டு அண்ணாச்சி’ என்று அழைத்தது. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, “இது யாரு, புது ஆளா இருக்கு?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மணிக்குத் தொண்ணூறு மைல் போகக்கூடிய கார் அது. போகக்கூடியது என்றுதான் சொல்கிறேன். போனது என்று சொல்லவில்லை. வேகம் காட்டும் வட்டத்தில் பத்துப் பத்தாகத் தொண்ணூறு வரை எண்கள் இருந்தன. அதன் முள் பூச்சியத்தை விட்டு அசைந்து நான் ஒரு முறை பார்த்தேன். அப்போது அண்ணாச்சி அந்த வட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி முள்ளுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பல் ஏறியபோது விட்டுப்போன வண்டி. சிவப்பு நிறம். இரண்டே இருக்கைகள். தரையோடு தரையாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் தெருநாயை நேருக்கு நேர் பார்க்கலாம். இதை வாங்குவதற்காக அண்ணாச்சி ஒரு ஜோடிக் காளையையும் வில்வண்டியையும் துரையிடமே கொடுத்துவிட்டார். கப்பல் ஏறப் போகிறவருக்குக் காளை எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த வில்வண்டி, அவருடைய மனைவி கோமு மதினியின் பிறந்த வீட்டுச் சீதனம். அன்றிலிருந்து மதினி குற்றாலத்துக்குக் குளிக்கப் பஸ்ஸில்தான் போனாள். பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளெல்லாம் அண்ணாச்சிக்கு ரசத்தில் உப்பு கிடைக்காது.

அந்தக் காருக்குக் கூரை கிடையாது. சீசன் வந்தால் மூன்று மாதம் வானம் சல்லடையாகிவிடும் ஊர் எங்களுடையது. துண்டைக் கொடியில் போட்டால் அடுத்த துண்டு வாங்கும்வரை காயாது. “சாரல் அடிக்குத ஊருக்கு மண்டையில்லாத வண்டியக் கொண்டாந்திருக்காக. இதுக்குப் பேசாம ஒரு தோணி வாங்கியிருக்கலாம்” என்பாள் மதினி.

அண்ணாச்சி அசரவில்லை. வில்வண்டி நின்ற கொட்டகையில் காரை நிறுத்தி, அதற்கு ‘கராஜ்’ என்று பெயர் வைத்தார். சாரலில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் சனிக்கிழமைதோறும் வண்டி முழுவதும் நல்லெண்ணெய் தேய்த்தார். ஈரம் வாங்காமல் இருக்க, பிள்ளை பெற்றவளுக்குப் போடுவதுபோலச் சட்டியில் கரி நெருப்பு வைத்துச் சாம்பிராணிப் புகை போட்டார்.

“செண்பகத்தைப் பெத்தப்ப எனக்குக்கூட இவ்வளவு புகை போடலியே!” என்றாள் மதினி.

“நீ துருப்பிடிக்க மாட்டேட்டி” என்றார் அண்ணாச்சி. ஒரு கணவன் சொல்லக்கூடிய உயர்ந்த வார்த்தை அதுதான் என்று அவர் மனதார நம்பினார்.

புகை மணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரிச் சட்டிக்கும் பெட்ரோல் தகரத்துக்கும் நடுவே ஒன்றரை முழ இடைவெளிதான். கொட்டகைச் சுவருக்கு இந்தப் பக்கம் என்னுடைய அடுக்களை. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான், என் பக்கத்தில் நான்கு வாளி மணல் நிரப்பி வைத்தேன். சனிக்கிழமைகளில் ஆறு. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, வீடு கட்டுதீகளோ?” என்று விசாரித்தார்.

எதையும் எண்ணி வைக்கும் என் பழக்கம் எப்படியோ அவர் காதுக்கு எட்டி, எனக்கும் கராஜில் உத்தியோகம் கிடைத்தது. அவர் என்ஜினைப் பிரிக்கும்போது கழற்றிய திருகாணிகளை நான் எண்ண வேண்டும். பூட்டும்போது மறுபடியும் எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கழற்றியது நூற்றுப் பன்னிரண்டு, பூட்டியது நூற்று ஐந்து என்று நான் பதறினால் அவர் நிதானமாகச் சொல்வார்: “வெள்ளைக்காரன் தாராளமாப் போட்டிருக்காம்லே. நமக்கு எதுக்கு அவ்வளவு?” இப்படி மிஞ்சியவை ஒரு ஊறுகாய்ப் பரணி நிறையச் சேர்ந்தன. இன்னும் நாலு தடவை பிரித்துப் பூட்டினால் பரணியிலிருந்தே இன்னொரு கார் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

“எப்பம் அண்ணாச்சி வெளிய எடுக்கப்போறீக?” என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “இன்னும் ரெடி ஆகல.” கார்பரேட்டர் அடைப்பைக் குத்தி எடுக்க மகள் செண்பகத்தின் கொண்டை ஊசிகளை எடுத்துக்கொள்வார். அந்தப் பெண் தலைமுடி எப்போதும் அவிழ்ந்தே இருந்ததற்குக் காரணம் அதுதான். அவளும் அலுத்துக்கொள்ளாமல், “அப்பா, வளைக்காமத் தாங்க” என்று நீட்டுவாள்.

அப்படியிருக்கையில் செண்பகத்துக்குச் சிவகிரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அரிசி ஆலை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை ஆலை லாரியைத் தானே ஓட்டிப் போகிறவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்குத் தாய்மாமன் ஒருவர் இருந்தார். பூ வைத்துப் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் தாய்மாமன் சொன்னார்: “எங்களுக்கு நகை நட்டுன்னு ஒண்ணும் கேக்கத் தோணல. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தச் செவப்புக் காரு மட்டும் வந்துறணும். ஊரெல்லாம் சொல்லிட்டோம்.”

கல்யாண ஊர்வலத்துக்குக் கூரையில்லாத கார் என்றால் அந்தக் காலத்தில் ஊரே நெஞ்சை நிமிர்த்தும். பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பனும் பூரித்துப்போயிருப்பான். அண்ணாச்சிக்கு வியர்த்தது.

“சம்பந்தி, அது ஓடுத வண்டி. ஓடினாத்தான் காத்தடிக்கும், காத்தடிச்சாத்தான் என்ஜின் சூடு தணியும். நாயனத்துக்குப் பின்னால நடக்க வுட்டா கொதிச்சுப்போயி நின்னுரும்.”

“கல்யாணத்துல எல்லாரும்தான் கொதிக்கோம். நின்னா போறோம்?”

அன்று சாயங்காலம் மதினி கராஜ் வாசலில் வந்து நின்று தீர்ப்புச் சொன்னாள்: “மாப்பிள்ளை இந்த வண்டியில வந்து நம்ம வாசல்ல இறங்கணும். இறங்கலேன்னா மறுநாள் பழைய இரும்புக்காரன் வந்து இங்கன இறங்குவான். செண்பகம் மேல ஆணை.”

மகள் மேல் வைத்த ஆணைக்கு அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

ஆனி மாதம். நல்ல சாரல். பிள்ளையார் கோயிலிலிருந்து பெண் வீட்டுக்கு நான்கு தெரு, ஏழு சந்தி முக்கு. ஒன்பது பேர் தள்ளி வண்டியைக் கிளப்பினோம். அண்ணாச்சி வேட்டி சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்தில் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்போல விறைப்பாக இருந்தார். முன்னால் நாயனம், தவில், சுருதிக்கு ஒத்து. பின்னால் சிவகிரிக்காரர்கள். வண்டியின் பானட் ஓரமாகத் தண்ணீர்க் குடத்தோடு நான்.

எங்கள் பக்கத்தில் நாயனம் வாசிக்கும் மேளகாரருக்கு ஒரு கொள்கை உண்டு. முக்குக்கு முக்கு நின்று வாசித்தால்தான் அது ஊர்வலம். நடந்துகொண்டே வாசித்தால் அது பிழைப்பு. முதல் முக்கிலேயே தோடியை ஆரம்பித்துவிட்டார். தோடி அவசரப்படுகிற ராகம் அல்ல. மூன்றாவது முக்கில் நான் இரண்டாவது குடத்தை ஊற்றினேன். பானட்டிலிருந்து ஆவி புறப்பட்டது.

அண்ணாச்சி தலையை நீட்டினார். “ஓய் மேளகாரரே, கொஞ்சம் நடந்துக்கிட்டே வாசிக்கப்படாதா?”

மேளகாரர் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தார். “தோடி என்ன பெட்ரோல்லயா ஓடுது அண்ணாச்சி? அது வரும்போதுதான் வரும்.”

“என் வண்டியும் அப்படித்தான்வே. இப்ப வந்திருக்கு. போயிரும்!”

ஐந்தாவது முக்கில் ரேடியேட்டர் விசிலடிக்க ஆரம்பித்தது. ஒத்து ஊதுகிறவர், தனக்குத் தெரியாமல் இன்னொருவரைப் பேசி வைத்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார். என் குடம் காலி. என்ஜின் ஒரு முறை விக்கியது. இங்கே நின்றால் ஒன்பது பேர் அல்ல, ஊரே தள்ளினாலும் அது மறுபடி கிளம்பாது என்பது அண்ணாச்சிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரும்புக்காரன் கண்முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“மாப்ளே, கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க.”

அவ்வளவுதான். சிவப்பு நிறம் ஒன்று தவில்காரரின் இடது முழங்கையை உரசாமல் வளைந்து, குற்றாலம் சாலையில் திரும்பி, மறைந்துபோனது. அந்த வண்டி என்னத்துக்காகச் செய்யப்பட்டதோ அதை அன்றுதான் முதன்முதலாகச் செய்தது.

“ஏலே, மாப்பிள்ளையத் தூக்கிட்டுப் போறாம்லே!” என்று தாய்மாமன் அலறினார். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன மாமனார் இவர் ஒருவர்தான். மேளகாரர் கண்ணை மூடியிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. தோடி முடியும்வரை வாசித்துவிட்டு, ஆறாவது முக்குக்கு நடந்தார். கூட்டமும் பழக்கதோஷத்தில் பின்னால் நடந்தது. நடுவில் கார் அளவுக்கு ஓர் இடம் மட்டும் காலியாக ஊர்வலம் போனது.

பெண் வீட்டு வாசலில் தாய்மாமன் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். “இன்னும் கொஞ்ச நேரத்துல மாப்பிள்ளை வரலேன்னா நாங்க சிவகிரிக்கு வேன் ஏறிருவோம்” என்றார். மாப்பிள்ளை இல்லாமல் எப்படிப் போவார்கள் என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. செண்பகம் கல்யாணச் சேலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்திருந்தாள்.

மதினி ஆரத்தித் தட்டோடு என்னிடம் வந்தாள். “எந்தப் பக்கம் போச்சு?”

“குத்தாலம் ரோடு, மதினி.”

“என்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?”

“பறந்துச்சு.”

அவள் குற்றாலம் சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, “துண்டுகூட எடுத்துட்டுப் போகலியே, நனைஞ்சுருவாகளே” என்றாள். மாப்பிள்ளையைச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். மாப்பிள்ளை தோளில் துண்டு இருந்ததே.

தெருவிளக்கு ஏற்றும் நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி சொந்தக் காலில் ஓடிவந்து வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் மாலையில் நார் மட்டும் மிச்சம். நெற்றியில் திருநீறு இருந்த இடத்தில் வண்டி மசி. தலைமுடி துடைப்பம். பேசாத மனிதர், இறங்குவதற்கு முன்பே கத்தினார்: “மாமா, முள்ளு எழுவதைத் தொட்டுச்சு!”

அருவிக்குப் பக்கத்தில் வண்டியைத் திருப்பும்போது நின்றுவிட்டதாம். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்து தள்ளினார்களாம். அவர்கள் கையிலும் எண்ணெய், வண்டியிலும் எண்ணெய். பிடித்த இடமெல்லாம் வழுக்கியதாம். கடைசியில் எல்லாரும் திரும்பி நின்று முதுகைக் கொடுத்துத் தள்ளி, அதில் கிளம்பியதாம். மாப்பிள்ளையும் முதுகு கொடுத்திருந்தார். பட்டுச் சட்டையே சாட்சி சொன்னது.

தாய்மாமன் ஆரம்பித்தார்: “இந்தக் கிறுக்கன் வீட்டுல சம்பந்தம்...”

“மாமா, சும்மா இருங்க. எனக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான்.”

“பொண்ணுக்காகச் சொல்லுதியா, காருக்காகச் சொல்லுதியா?”

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தார். செண்பகம் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மதினி மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றினாள். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணி, தட்டை வண்டிக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொதிக்கும் பானட்டில் பொட்டு வைத்து விரலைச் சுட்டுக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும் காலை. சிவகிரி வேன் தயாராக நின்றது. அண்ணாச்சி கராஜ் கதவைத் திறந்து காரை வாசலுக்கு உருட்டி வரச் செய்தார். வேறு யாரும் தொட்டிராத சாவியை மாப்பிள்ளை கையில் வைத்தார். “மேட்டுல இரைஞ்சா பயப்படாதீங்க. கிளட்சைப் பைய விடணும். சாரல்ல நிப்பாட்டினா சாக்குப் போட்டு மூடணும். சனிக்கிழமை எண்ணெய்...”

“பொண்ணைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்றாள் மதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“அவளுக்கு எல்லாம் தெரியும்டி. வண்டிக்குத்தான் ஒண்ணும் தெரியாது.”

“இத்தனை வருசம் கட்டிக் காத்துட்டு, இப்பக் குடுத்துட்டு நீங்க என்ன செய்யப்போறீக?”

மகள் ஏறி உட்கார்ந்ததும் அண்ணாச்சி அவள் சேலைத் தலைப்பைக் கதவில் சிக்காமல் எடுத்து உள்ளே வைத்தார். பிறகு பின்னால் வந்து எங்களோடு நின்று வண்டியில் கை வைத்தார். ஒன்பது பேர் தள்ளினோம். நாலு எட்டிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சீக்கிரம் அது ஒருநாளும் கிளம்பியதில்லை. எட்டுப் பேரும் கையை எடுத்துவிட்டோம். அண்ணாச்சி மட்டும் எடுக்கவில்லை. ஓடுகிற வண்டியில் கையை வைத்தபடியே, அதுதான் ஓடுகிறதே என்று யார் கத்தியும் கேட்காமல், தெருமுனைவரை ஓடினார்.

நானும் அவர் பக்கத்திலேயே ஓடினேன். என்னால் ஆகக்கூடியது அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அவர் தனியாக நடக்க வேண்டாம் என்றிருந்தது.