பாதிப் பாலமும் ஒரு சிவப்பு மேஜைவிரிப்பும்

ஸ்விதர்பிரிட்ஜ், யார்க்‌ஷயர்
அக்டோபர் 1956

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா ஹில்டாவுக்கு, தம்பி நார்மன் எழுதிக்கொள்வது. நானும் டோரீனும் புறாக்களும் நலம். ஆஸ்திரேலியாவில் நீயும் அத்தானும் வெயிலில் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய உலர்ந்த திராட்சை வந்து சேர்ந்தது. உன் தம்பி தாத்தா ஆகிவிட்டான். இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம், ஆனால் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மாரியன் போன வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லங்காஷயர்ப் பையனைக் கட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். ஃப்ராங்க், அங்கே பருத்தி ஆலையில் மதகு பார்க்கிறவன். கல்யாணம் நம் பக்கத்துத் தேவாலயத்தில்தான் நடந்தது. கேக் வெட்டி முடித்ததும் நான் எழுந்து நின்று, "என் பெண்ணைத்தான் கொடுத்தேன், என் காலைக் கொடுக்கவில்லை, லங்காஷயர் மண்ணை மிதிக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், பிறகு எப்படி மாற்றுவது? அதற்காகப் பெற்ற பெண்ணைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஞாயிறுதோறும் டோரீன் சுட்ட புட்டிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு பாலத்தின் நடுவரை போவேன். மாரியன் அந்தப் பக்கமிருந்து நடுவரை வருவாள். கீழே இரண்டு கவுண்டிகளுக்கும் எல்லையான ஸ்விதர் ஆறு நம் சாயப்பட்டறையின் புண்ணியத்தில் கருநீலமாக ஓடும். மழையில் நனைந்துகொண்டே பேசுவோம்.

"அப்பா, இன்னும் நாலு எட்டு வச்சா வீட்டுக்குள்ள கணப்புகிட்ட உக்காரலாம்ப்பா."

"இங்கயே காத்து நல்லாருக்கும்மா."

"மூக்கு ஒழுகுதுப்பா உங்களுக்கு."

அவளுக்கு மாதம் ஏறியதும் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. யார்க்‌ஷயரில் பிறந்தவன்தான் யார்க்‌ஷயருக்குக் கிரிக்கெட் ஆட முடியும் என்பது உனக்குத் தெரியாததா? ஆற்றுக்கு அந்தக் கரையில் பிறந்துவிட்டால், குழந்தை நாளைக்கு எத்தனை விக்கெட் எடுத்தாலும் வீண். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். வலி கண்டதும் ஃப்ராங்க் மாடி ஜன்னலில் சிவப்பு மேஜைவிரிப்பைத் தொங்கவிட வேண்டும். அது நம் வீட்டிலிருந்து தெரியும். நான் உடனே கரிக்காரரின் வண்டியைப் பாலம்வரை கொண்டுவந்து, மாரியனை ஏற்றி, நீயும் நானும் பிறந்த இதே வீட்டின் அதே மாடி அறைக்குக் கொண்டுவருவேன். பேரப்பிள்ளையும் அங்கேதான் பிறக்கும். ஃப்ராங்க் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டான். மந்தம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கிறேன், அக்கரை ஜன்னலில் சிவப்பு! பாதித் தாடையில் நுரையோடு, செருப்போடு ஓடினேன். கரிக்காரரைக் கரியை இறக்கக்கூட விடவில்லை. மூன்று நாள் மழையில் ஆறு பாலத்தின் வளைவைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வண்டியைப் பாலத்து முனையில் நிறுத்திவிட்டு ஓடி, நடுப்பாலத்தில் ஒரு நொடி நின்றேன் அக்கா, என் பெண் வலியில் இருக்கும்போது மண்ணாவது மானமாவது என்று கடந்துவிட்டேன். உள்ளே போனால் மாரியன் சாவகாசமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். தொங்கியது மேஜைவிரிப்பு இல்லை. சம்பந்தியம்மாவின் ஃபிளானல் பாவாடை.

"மழைன்னு ஜன்னல்ல காயப்போட்டேன். அதுக்கு இப்படியா நுரை தள்ள ஓடிவருவீரு?" என்றாள் அந்த அம்மா.

மாரியன் சிரிக்கவில்லை. "வந்துட்டீங்களாப்பா" என்று என் நுரை படிந்த கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சரி, வந்த காரியம் இல்லை, கிளம்பலாம் என்று வெளியே வந்தால், மேலேயிருந்து அடித்துவந்த மரம் பாலத்தில் சிக்கி, தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடுகிறது. போலீஸ்காரர் கயிறு கட்டிவிட்டார். நான் லங்காஷயரில் மாட்டிக்கொண்டேன். சம்பந்தியம்மா ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்ததை ஒரு தட்டு நிறைய வைத்து, "விஷம் இல்ல, சாப்பிடும்" என்றாள். நன்றாகத்தான் இருந்தது, டோரீனிடம் சொல்லாதே. இரண்டாவது தட்டில் இருக்கும்போது மாரியன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இப்ப நெசமாவே" என்றாள்.

மருத்துவச்சி நல்லவேளையாக அந்தக் கரையிலேயே இருப்பவள், வந்துவிட்டாள். எங்களைக் கீழே விரட்டிவிட்டாள். மேலே என் பெண் கத்துகிறாள், கீழே நான் கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ திட்டுவாய். இல்லை. அவள் கத்தக் கத்த எனக்குக் கிரிக்கெட்டும் மறந்தது, கவுண்டியும் மறந்தது. சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கொல்லைக் கதவுக்கடியில் தண்ணீர் வர ஆரம்பித்தது.

"ஆறு முன்வாசல்லதானே இருக்கு? இது ஏன் கொல்லைப் பக்கமா வருது?"

ஃப்ராங்க் கதவிடுக்கில் சாக்கைத் திணித்துக்கொண்டே சொன்னான். "பழைய தடம் மாமா. முதல்ல இந்த வீட்டுக்குப் பின்னாலதான் ஆறு வளைஞ்சு போச்சு. எங்க ஆலையக் கட்டினவரு, சக்கரம் சுத்தறதுக்காக முன்பக்கமா நேரா வெட்டி விட்டாரு. வெள்ளம் வந்தா பழைய ஞாபகம் வந்துடும் அதுக்கு."

"அப்ப எல்லை?"

"எல்லை நகரல மாமா. கோழிக்கூண்டுக்குப் பின்னால எல்லைக்கல் இருக்கு. எல்லை பழைய ஆத்தோடதான் போகுது. பழைய ஆத்துக்கு இந்தக் கரை உங்க பக்கம், நாம உக்காந்திருக்கிறது யார்க்‌ஷயர்."

சம்பந்தியம்மா அந்தக் கல்லில்தான் தினமும் உட்கார்ந்து காய் நறுக்குவாளாம். "நானா? யார்க்‌ஷயரா? எத்தன வருஷமாடா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேதான் மேலே இன்னொரு குரல் அழுதது. மருத்துவச்சி எட்டிப் பார்த்து, "பொண்ணு!" என்றாள்.

பெண்ணை யார் கவுண்டி ஆட்டத்தில் சேர்க்கப்போகிறார்கள் என்று கேட்பாய். கேட்டுக்கொள். என் சுண்டுவிரலை அவள் பிடித்த பிடியை நீ பார்த்திருக்க வேண்டும். பந்து போடுகிற கை. ஹில்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார்க்‌ஷயரில் பிறந்த ஹில்டா, உன்னைப் போலவே.

நீயும் அத்தானும் பல்லாண்டு சுகமாக இருக்க வேண்டும். உன் பெயர்க்காரிக்கு அங்கிருந்தே ஒரு ஆசீர்வாதம் அனுப்பு. டோரீன் முத்தங்கள் அனுப்புகிறாள்.

இப்படிக்கு, உன் கீழ்ப்படிந்த தம்பி,
நார்மன் ஹார்டேக்கர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்னொரு விஷயம். உட்கார்ந்துகொண்டு படி. மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு, நேற்று பேத்தியைப் பார்க்கப் போய்த் திரும்பும்போது ஃப்ராங்க் என்னைக் கொண்டுவிட வந்தான். நடுப்பாலத்தில் நிறுத்தி, "மாமா, ஆத்துக்கு ரெண்டு வளைவு இருந்துச்சு. ஒண்ணு எங்க வீட்டுக்குப் பின்னால. இன்னொண்ணு..." என்று நம் தெருவைக் காட்டினான். நம் வீட்டுக்குப் பின்னால் அக்கா, அந்தப் பள்ளத்தில், நாம் தவளை பிடிப்போமே! அந்தப் பள்ளம்தான் பழைய ஆறு, அதுதான் எல்லை; நீயும் நானும் லங்காஷயரில் பிறந்திருக்கிறோம். அன்று வெள்ளம் பாலத்தை மூடாமல் இருந்திருந்தால், நானே கரிவண்டியில் வைத்து என் பேத்தியை லங்காஷயருக்குக் கடத்தி வந்திருப்பேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமாடா?" என்றேன். "தெரியும் மாமா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லல" என்றான். நான் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான், தங்கமான பிள்ளை. டோரீனுக்கு இன்னும் தெரியாது, நீயும் மூச்சு விடாதே. புட்டிங் சுட்டாகிவிட்டது, கிளம்புகிறேன். யார்க்‌ஷயருக்குப் போக வேண்டுமென்றால் எனக்கு இனிமேல் பேத்தி வீடுதான்.