போதும் சொல்லாத கம்ப்யூட்டர்

இனிமேல் இந்த வீட்டில் நியாயத்தைக் கம்ப்யூட்டர்தான் சொல்லும் என்று பூட்டுக்கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

பின்னே என்ன? ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுவது அவர் முறை. கழுவி முடித்துக் கையைத் துடைக்கிற நேரம் பார்த்து மனைவி, "இந்தாங்க, இது ஒண்ணு" என்பாள். அந்த ஒண்ணுக்குப் பின்னால் இன்னொண்ணு வரும். கீழ்வீட்டில் எல்லோரும் கூடிப் பார்க்கும் கால்பந்தாட்டத்தில் முதல் பாதியை மனுஷன் கண்ணால் கண்டதே இல்லை. இன்றைக்கோ இறுதி ஆட்டம்.

இதற்காகவே மாலை வகுப்புக்குப் போய், தானே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"எத்தனை பாத்திரம்னு அடி. நான் ஒண்ணு கழுவினதும் இந்தப் பொத்தானை அமுக்கு. கணக்குல ஒண்ணு குறையும். பூஜ்யம் வந்தா 'போதும்'னு சொல்லும். அது சொல்ற வரைக்கும் தொட்டியை விட்டு நகர மாட்டேன். சொன்னப்புறம் நீ கூப்பிடக் கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க."

அவள் இருபது என்று அடித்தாள். 'ஐந்துக்கு மேல் கிடையாது' என்றது திரை. 'எல்லாம்' என்று அடித்தாள். 'எண் மட்டும்' என்றது.

"அட, உஷாராத்தான் இருக்கு!"

"பூட்டு செய்யிறவன் எழுதினதுடி. கள்ளச்சாவி நுழையாது."

அவளுக்கு ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை. குளிர் அறையில் மைனஸ் பதினெட்டு, மைனஸ் இருபது என்று பார்த்துக் குறிப்பதிலேயே பொழுது போய்விடும். கொஞ்சம் யோசித்தாள். மைனஸ் ஒன்று அடித்தாள்.

'சரி, தொடங்கலாம்' என்றது கம்ப்யூட்டர்.

அவர் ஒரு தட்டு கழுவினார். அமுக்கினாள். மைனஸ் இரண்டு. வாணலி. மைனஸ் மூன்று. சமையலறையில் பாத்திரம் தீர்ந்தது. பரணிலிருந்து கல்யாணச் சீர் இறங்கியது. கீழே ஒரே கூச்சல்.

"என்னடி, பூஜ்யம் இன்னும் வரலையா?"

"அது போற பக்கம் பூஜ்யமே இல்லையேங்க."

எட்டிப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி நழுவித் தொட்டியில் விழுந்தது. மேலே மட்டும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கீழே திறந்து வைத்திருக்கிறார்! வகுப்பில் வாத்தியார் உட்பட ஒருத்தருக்கும் தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றியது? கோபம் வரவேண்டிய இடத்தில் பெருமையாக வந்தது. என்ன மூளை! இவளைக் கட்டியதற்குக் காலர் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கைதான் சோப்பு நுரையாக இருந்தது.

"ரெண்டே நிமிஷம், திருத்திட்டு வந்துடறேன்."

"நகர மாட்டேன்னு சொன்னது யாரு?"

"சரி தாயே, நீயே திருத்து. அஞ்சுக்கு மேல வாங்காதேன்னு ஒரு வரி இருக்கா? அதுகூட, ஒண்ணுக்குக் கீழயும் வாங்காதேன்னு சேர்த்துடு. அப்புறம் முதல்லேருந்து ஓட விடு."

சொன்னதைச் சொன்னபடி அடித்தாள். ஓடவிட்டாள். மைனஸ் ஒன்று போட்டுப் பார்த்தாள். 'ஒன்றுக்குக் கீழே கிடையாது' என்றது.

"இப்ப ஒழுங்கா ஒரு எண்ணைப் போடு, மகராசி."

நாற்பது போட்டாள்.

'சரி, தொடங்கலாம்.'

"ஏய்! அஞ்சுக்கு மேல எப்படி வாங்கிச்சு?"

"அந்த அஞ்சு தனியா நின்னுக்கிட்டிருந்துச்சு. பாவமா இருந்துச்சுங்க, பக்கத்துல ஒரு சைபரை நிறுத்தி வெச்சேன்."