ஸ்டபில்ஃபீல்டை லாரியில் ஏற்றாமல் விட்டதற்கு நன்றி

ரெட்பட் கிரீக்,
ஓக்லஹோமா.

பட்டி நிறையக் குதிரையும் ஜாடி நிறைய ஐஸ் டீயுமாகக் குறைவின்றி வாழும் என் தாய்மாமா வெர்லன் அவர்களுக்கு, தங்கை மகள் ஷெல்பி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா கோபம். அங்கே தாங்களும் ஓப்பல் அத்தையும் நாலுகால் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேரும் நலந்தானே?

அம்மா என் போனைப் பிடுங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்திருக்கிறாள். "மாமாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுது. பாவம், அந்த மனுஷன் உன்னால போலீஸ் வரைக்கும் போனாரு" என்றாள். "மாமா எங்கம்மா போனாரு? போலீஸ்தான் அவர் வீடு வரைக்கும் வந்துச்சு" என்றேன். அதற்காகப் போன் இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன் மாமா, ஆனால் பேனாவிலிருந்து நன்றியாகவே கொட்டுகிறது. எழுதி முடித்ததும் அம்மா படித்துப் பார்ப்பாளாம். ஆகையால் நடந்ததை அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்த இடங்களைத் தாங்கள் தாண்டிக் கொள்ளலாம்.

ஏலத்தில் குதிரைகளை வாங்கி, பட்டியில் நிறுத்தி, செவ்வாய்க்கிழமை வரும் மெக்சிகோ லாரியில் ஏற்றிவிடுவது தங்கள் தொழில். எல்லை தாண்டிவிட்டால் அவை கறி. தாங்கள் இதைக் கொள்முதல் என்பீர்கள். நான் என் அட்டையில் 'கொல்முதல்' என்று எழுதி, மளிகைக் கடை வாசலில் நின்று, குதிரைகளைக் கறிக்கு அனுப்புவதைத் தடுக்கும் மசோதாவுக்குக் கையெழுத்து வாங்கிக் கொண்டிருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் எழுத்துப்பிழை என்றார்கள். பிழை எழுத்தில் இல்லை, தொழிலில் என்றேன். ஒரு கிழவனார், "குதிரைக் கறியா? நம்ம ஊர்ல எவன் திங்கிறான்?" என்றார். "திங்கிறது வேற ஊரு, ஏத்துறது நம்ம ஊரு" என்றதும் யோசித்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் எத்தனை கையெழுத்து வாங்கி என்ன? மசோதாவை விசாரணைக்கு எடுக்க வேண்டிய சட்டமன்ற விவசாயக் குழுத் தலைவர் ஸ்டபில்ஃபீல்ட், மாதக்கணக்கில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். குதிரைமேல் உட்கார்ந்தவராயிருந்தால் இறங்கவாவது தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் தங்கள் பட்டியில் அந்தச் சாம்பல் நிறக் குதிரையைப் பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கோடை முகாமில் சவாரி கற்றுக் கொடுத்தவள். நான் அவள் மேலிருந்து விழாத நாளில்லை, விழுந்தபின் அவள் நின்று காத்திராத நாளுமில்லை. முகாமை மூடியதும் அவளை ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முதுகில் ஆள் ஏறி ஏல வளையத்துக்குள் வந்தால் சவாரிக் குதிரை விலை. ஆளில்லாமல் வந்தால் அதற்கு 'லூஸ்' என்று பெயர், எடைக்குத்தான் விலை. அத்தனை லூசுகளுக்குச் சவாரி சொல்லிக் கொடுத்தவளையே கடைசியில் லூஸ் என்று விற்றிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அவளும் லாரியில் என்றீர்கள். நான் அழவில்லை. கண்ணில் வைக்கோல் தூசி.

அப்போது தாங்களே மெழுகுச் சாயக்குச்சியை என் கையில் கொடுத்து, "ஏ குட்டி, சும்மா நிக்காம ஒவ்வொண்ணு மேலயும் நம்பர் போடு" என்றீர்கள். "பேரு கிடையாதா மாமா?" என்றேன். "பேரு வெச்சா ஏத்த மனசு வராது" என்றீர்கள். மாமா, இதை என்னிடம் சொல்லலாமா?

குழுவில் ஒன்பது பேர். பட்டியில் சாம்பல் குதிரையைத் தவிர ஒன்பது. ஸ்டபில்ஃபீல்ட் நீளமான பெயர், தோளில் தொடங்கி வால்வரை போனது. உதைக்கும் செம்பழுப்புக் குதிரைக்கு, சபையில் எல்லோரையும் வார்த்தையால் உதைக்கும் ஓகல்ட்ரீ அம்மையாரின் பெயர். சாம்பல் நிறத்தாளுக்கு 'ஓப்பல்' என்று எழுதினேன். உலகத்தில் தாங்கள் பயப்படும் ஒரே பெயர் அதுதான் என்று எனக்குத் தெரியும். தாங்கள் பார்த்துவிட்டுச் சிரித்தீர்களே தவிர அழிக்கச் சொல்லவில்லை. முதல் நன்றி அதற்கு.

பிறகு ஒன்பது பேருக்கும் பணிவாக ஒரு கடிதம் போட்டேன். 'மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, உங்களை வரும் செவ்வாய்க்கிழமை வெட்டுவதற்கு அனுப்புகிறார்கள். எடைக்குத்தான் விலை. மசோதாவுக்கு ஓட்டுப் போட்டு உங்களை நீங்களே காப்பாற்றிக் கொள்ளவும். இப்போது இருக்குமிடம்: வெர்லன் மாமாவின் பட்டி.' குதிரை என்ற சொல் விட்டுப்போயிற்று. வேண்டுமென்றே விட்டதாக அம்மா சொல்கிறாள். அம்மாவுக்கு என்னைப் பிறந்ததிலிருந்து தெரியும்.

திங்கட்கிழமை துணை ஷெரிஃப் லோவெல் அந்தக் கடிதங்களில் ஒன்றோடு வந்தபோது நான் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் இருந்தேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"வெர்லன் அண்ணே, மறைக்காம சொல்லுங்க. ஸ்டபில்ஃபீல்ட எங்க வெச்சிருக்கீங்க?"

"அவனா? பின்னால கட்டிப் போட்டிருக்கேன். நேத்துலேர்ந்து சரியாத் திங்கல."

"கட்டி... ஓகல்ட்ரீ அம்மா?"

"அவளும் அங்கதான். உதைக்கிறா, அதனால தனியா நிறுத்தியிருக்கேன். பல்லப் பாத்தா இருபது வயசுக்கு மேல இருக்கும்."

"அண்ணே, கொஞ்சம் கையத் தூக்குங்க."

"எதுக்குடா? நாளைக்கு லாரி வருது, எல்லாரையும் ஏத்தணும், ஆயிரம் வேலை கிடக்கு."

ஓப்பல் அத்தை மட்டும் வெளியே வந்து, "எலேய் லோவெல், போய்ப் பட்டியப் பாருடா. பாத்துட்டுக் கோழி வறுவல் மிச்சமிருக்கு, தின்னுட்டுப் போ" என்று சொல்லாவிட்டால், இந்தக் கடிதத்தைச் சிறைச்சாலை முகவரிக்குத்தான் எழுதியிருப்பேன். அங்கேயும் என்னை விட்டுக் கொடுக்காமல், "எங்க வீட்டுப் புள்ளதான், கொஞ்சம் கையெழுத்து சரியில்ல" என்றீர்கள். இரண்டாவது நன்றி அதற்கு.

மறுநாள் லாரி வந்தது. லோவெல் வறுவலோடு செய்தியையும் வாயில் போட்டுக்கொண்டு போயிருந்ததால் தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள், பின்னாலேயே ஸ்டபில்ஃபீல்டும் வந்தார். தன் பெயர் எழுதிய குதிரையைப் பார்த்து, "ஏன் இவ்வளவு எலும்பா இருக்கேன்?" என்றார். குதிரை அவர் தொப்பியைத் தின்றது. லாரிக்காரன் அவசரப்படுத்தினான். தாங்கள் கயிற்றைப் பிடித்து, பழக்க தோஷத்தில் உரக்க, "முதல்ல ஓப்பல ஏத்து" என்றீர்கள்.

அத்தை காபிக் கோப்பையோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். "எங்க ஏத்துற?" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது தாங்கள் சிரித்திருக்கலாம், வேறு குதிரையைப் பிடித்திருக்கலாம். சாம்பல் நிறத்தாள் நான் விழுந்தால் நிற்பாளே, அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். தாங்கள் வெகுநேரம் அவளைப் பார்த்துவிட்டு, லாரிக்காரனிடம், "இன்னைக்குச் சரக்கு இல்லப்பா. எல்லாம் ஆளுங்களா இருக்கு" என்றீர்கள். காலி லாரி போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது மாமா. இதற்கான நன்றியை எண்ண எனக்குத் தெரியவில்லை.

மறுவாரமே விசாரணை வைத்தார்கள். தன் பெயரைக் கறிக்கு அனுப்பியவர் என்று தேர்தலில் கேட்க யாருக்கும் ஆசையில்லை. "இந்தச் சட்டம் வந்தா உங்க பிழைப்பு என்னாகும்?" என்று ஸ்டபில்ஃபீல்ட் தங்களைக் கேட்டார். தாங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் எழுந்து, "தெரியலைங்க. மாடு வாங்கி விப்பேன். நம்பரா ஏத்துன வரைக்கும் தூக்கம் வந்துச்சு. இப்ப வரல. இன்னைக்குக் காலைலகூட உங்களுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் கிளம்பி வர்றேன்" என்றீர்கள். சபை சிரித்து முடிக்க நேரமாயிற்று. ஓகல்ட்ரீ அம்மையார் சிரிக்காமல் கையைத் தூக்கினார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா குழுவைத் தாண்டியது. இத்தனை நாள் ஆள்கள் குதிரையை ஓட்டினார்கள், அன்று குதிரைக்காக ஓட்டுப் போட்டார்கள்.

கறியாக இருந்ததைப் பரியாக்கிய தங்களுக்கு நான் பட்ட கடன் நன்றி ஒன்றே. இனி எந்த மக்கள் பிரதிநிதிக்கும் கடிதம் எழுதமாட்டேன், சாயக்குச்சியைக் கையாலும் தொடமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். இரண்டு ஓப்பல்களுக்கும் என் அன்பு. யாருக்கு முதலில் சொன்னீர்கள் என்று இன்னொருவருக்குச் சொல்ல வேண்டாம். பட்டியில் உள்ள எல்லோருக்கும் புல்லும், தங்களுக்கு நல்ல தூக்கமும் கிடைக்கட்டும்.

தாங்கள் திட்டாத காரணத்தால் திருந்தாத மருமகள்,
ஷெல்பி

பி.கு.: அம்மா படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இது அதற்குப் பிறகு எழுதுவது. மசோதா இப்போது மொத்தச் சபைக்கும் போகிறது மாமா. அங்கே நூற்றுக்கு மேல் உறுப்பினர்கள், தங்களிடம் அவ்வளவு குதிரை இல்லை. ஆகவே போன வாரம் வந்தபோது அத்தையின் கோழிகள் ஒவ்வொன்றின் காலிலும் பெயர் எழுதிய வளையம் மாட்டிவிட்டேன். சாயக்குச்சியைத் தொடவில்லை. கடிதங்கள் உறுதி கூறுவதற்கு முன்பே தபாலில் போய்விட்டன. லோவெல் வந்தால், "எல்லாரும் கூண்டுக்குள்ள இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அத்தையிடம், ஞாயிற்றுக்கிழமை வறுவலுக்கு முன் தயவுசெய்து கால் வளையத்தில் யார் பெயர் என்று பார்க்கச் சொல்லவும். போன தடவை ஒரே ஓட்டில்தான் ஜெயித்தோம்.