பூண்டு வேஷமும் மூணு லீவ் லெட்டரும்

செவ்வாய்க்கிழமை வெள்ளனே எனக்கு இருந்தது ஒரே ஒரு சோலிதான். எம்மக தர்ஷினிக்கு லீவ் லெட்டர் எழுதணும்.

புள்ளைக்குக் காய்ச்சல். ஒண்ணாப்பு படிக்கிறா. பூம்பாறையில இருந்து வேன்ல கொடைக்கானல் போய்ப் படிக்கிற இங்கிலீஷ் மீடியம். லெட்டரும் இங்கிலீஷ்லதான் கேப்பாங்க.

எப்பவும் எங்க வீட்டுக்காரருதான் எழுதுவாரு. அன்னைக்குப் பாத்து, பூண்டு மூட்டை கட்டிக்கிட்டிருந்த மனுசன் தலையத் தூக்காமலே சொன்னாரு.

"மூணு மாசமா சனிக்கிழமையானா இங்கிலீஷ் கிளாஸ்னு கெளம்பிப் போறியே புள்ள. இன்னைக்கு நீயே எழுது, பாப்போம்."

நான் அஞ்சாப்பு வரைக்குந்தான் படிச்சவ. கூச்சம் வேற. மிஸ் கிட்ட போன்ல பேசணும்னாலே கை வேர்த்து போன் வழுக்கிரும். எழுதுறதுன்னா பரவால்ல. பேப்பர் நம்ம மூஞ்சியப் பாக்காதுல்ல?

அதோட, மகளிர் குழு கட்டடத்துல எங்களுக்கு கிளாஸ் எடுக்குற டீச்சரக்கா, போன வாரந்தான் இதுக்குன்னே ஒரு பாடம் நடத்தியிருந்தாங்க.

"ரெண்டு சின்ன வார்த்தை ஒட்டிக்கிட்டா அர்த்தமே மாறிரும். காய்ச்சல் வந்துட்டா 'கம் டவுன் வித் ஃபீவர்'னு சொல்லணும்."

நான் மெதுவாக் கையத் தூக்குனேன். "அக்கா, காய்ச்சல் எறங்குனாத்தான டவுனு? வரும்போதே எப்படி டவுனு?"

"அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணிக்க."

பண்ணிக்கிட்டேன். முக்காவாசி.

எழுதுனேன்: 'மை டாட்டர் கேம் டவுன். ப்ளீஸ் கிவ் லீவ்.'

ஃபீவருக்கு ஸ்பெல்லிங் சந்தேகமா இருந்துச்சு. அதனால அத விட்டுட்டேன். டவுன்னு சொன்னாலே அவுங்களுக்குப் புரியாதா? படிச்சவுங்க!

வேன் டிரைவர் அண்ணன் கையில குடுத்து அனுப்பிட்டு, அன்னைக்குப் பூரா கழுத்த நிமித்திக்கிட்டே நடந்தேன்.

சாயந்திரம் வேன் வந்துச்சு. அண்ணன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு.

"தங்கச்சி, மிஸ் கோவமா இருக்காங்க. ஆண்டு விழாவுக்கு ரிகர்சல் நடக்குறப்ப புள்ளையக் கீழ எதுக்கு அனுப்புனீங்கன்னு கேக்குறாங்க."

"கீழயா?"

"நீங்கதான எழுதியிருக்கீங்க, கீழ எறங்கிட்டான்னு! வத்தலக்குண்டா, பழனியா, யாரு வீட்டு விசேசம்னு கேட்டாங்க."

மலையில கீழன்னா ஒரே அர்த்தந்தான், ஊருக்கு எறங்கிப் போறது. மிஸ்ஸும் இந்த மலைக்காரவுங்கதான்!

"காய்ச்சல்ணே! நீங்களே சொல்லிருங்களேன்."

"நாஞ் சொன்னா ஏத்துக்குவாங்களா? நாளைக்கு ஒழுங்கா எழுதிக் குடுங்க. ரிகர்சலுக்கு வராத புள்ளைக்குப் பூண்டு கெடையாதாம்."

"பூண்டா?"ன்னு வேன் ஜன்னலப் பிடிச்சுக்கிட்டேன்.

பூண்டுன்னா வேஷம். ஆண்டு விழாவுல மலைக் காய்கறி எல்லாம் மேடையேறுது. கேரட்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் சும்மா நிக்கும். பூண்டு மட்டும் நாலு வரி இங்கிலீஷ் பேசும். எம்மக பத்து நாளா அந்த நாலு வரியத்தான் சோறு திங்கிறப்பக்கூட சொல்லிக்கிட்டுத் திரியுறா. நாங்க பூண்டு போடுற வீடு. எங்க வீட்டுப் புள்ள முட்டைக்கோஸா நின்னா நல்லாவா இருக்கும்?

புதன்கிழமை காலையில ரெண்டாவது லெட்டர். இப்ப புள்ளைக்கு வாந்தி வேற. நாலு தடவ எடுத்துட்டா. வாந்திக்கு 'த்ரோ அப்'னு டீச்சரக்கா சொல்லியிருக்காங்க. லெட்டர்னா 'ஐ'யில ஆரம்பிக்கணும்னும் சொல்லியிருக்காங்க. ரெண்டையும் சேத்தேன்.

'ஐ த்ரூ அப் மை டாட்டர் ஃபோர் டைம்ஸ். நாட் டவுன்.'

கடைசி ரெண்டு வார்த்தை, கீழ எங்கயும் போகலைங்கிறதுக்கு. முன் ஜாக்கிரதை!

சாயந்திரம் டிரைவர் அண்ணன் வேன நிறுத்தி, எறங்கியே வந்துட்டாரு.

"ஏந் தங்கச்சி, புள்ளைய நாலு தடவ மேல தூக்கி எறிஞ்சீங்களாமே? கீழயே விழலியாமே?"

எங்க வீட்டுக்காரரு பூண்டு மூட்டை மேல உக்காந்தவருதான், சிரிச்சு முடிக்கவே இல்ல.

"வாந்திண்ணே! வாந்தி!"

"அப்படியா? நாளைக்கு நாஞ் சொல்லிடுறேன். ஆனா பூண்ட நாளைக்கு முட்டைக்கோஸுக்கு மாத்தப் போறாங்களாம். வெரசா ஏதாவது பண்ணுங்க."

"விடு புள்ள, நான் எழுதுறேன்"னாரு எங்க வீட்டுக்காரரு.

சிரிச்ச ஆளு கிட்டயா குடுப்பேன்? முடியாதுன்னுட்டேன்.

அன்னைக்குச் சாயந்திரமே காய்ச்சல் விட்டுருச்சு. வாந்தியும் நின்னுருச்சு. இன்னும் ஒரு நாள் மட்டும் வீட்டுல இருக்கட்டும்னு ஊரு நர்சம்மா சொன்னாங்க.

நோட்டப் பெரட்டுனேன். சீக்கு சரியானா 'கெட் ஓவர்'னு எழுதியிருந்துச்சு. 'கெட்' எனக்குப் பிடிக்கல. கெட்டுப்போன மாதிரி இருந்துச்சு. அத எடுத்துட்டு 'இஸ்' போட்டேன்.

வியாழக்கிழமை லெட்டர்: 'மை டாட்டர் இஸ் ஓவர். ப்ளீஸ் டோன்ட் கிவ் கார்லிக் டு அதர் சைல்ட்.'

ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. எனக்கே பெருமையா இருந்துச்சு.

பதினொரு மணி இருக்கும். வரக்கூடாத நேரத்துல ஸ்கூல் வேன் வந்து நிக்குது. மிஸ் எறங்குறாங்க. கையில கர்ச்சீப். கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. பின்னாடி டிரைவர் அண்ணன், தொப்பியக் கழட்டிக் கையில பிடிச்சிருக்காரு.

வீடு தேடி மிஸ் வந்திருக்காங்களே!

மிஸ் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "எப்பங்க ஆச்சு?"ன்னாங்க.

சரியானதத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன். "நேத்து சாயந்திரமே மிஸ். அதுக்கப்புறந்தான் எனக்கு நிம்மதி."

"நிம்மதியா?"

"ஆமா மிஸ். ரெண்டு நாளா ஒரே அழுகை. இப்ப வீடே அமைதியா கெடக்கு."

மிஸ் கைய விட்டுட்டு ஒரு அடி பின்னால போனாங்க.

"புள்ள எங்க?"

"பின்னாடி தோட்டத்துல கெடக்கா மிஸ். கொஞ்சம் வெயில் படட்டும்னு நானும் அவுங்கப்பாவுமாத் தூக்கிட்டுப் போய்ப் போட்டோம்."

மிஸ் கையில இருந்த பேக் கீழ விழுந்துச்சு.

அந்த நேரம் பாத்து, வாயில பன்னோட எம்மக வீட்டுப் பின்பக்கத்துல இருந்து வர்றா. மிஸ்ஸப் பாத்ததும் வெறைப்பா நின்னு, "குட்மார்னிங் மிஸ்ஸ்ஸ்!"

மிஸ் அப்படியே பூண்டு மூட்டை மேல உக்காந்துட்டாங்க. ஒரு சொம்புத் தண்ணியையும் மூச்சு விடாமக் குடிச்சாங்க. அப்புறம் லெட்டர எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"சீக்கு சரியாப் போச்சுன்னு மிஸ்."

"உங்க புள்ள முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்! பெரிய மிஸ் அஞ்சலிக்குன்னு கிளாஸ் முழுக்க எந்திரிச்சு நிக்கச் சொல்லிட்டாங்க. அங்க முட்டைக்கோஸ் அழுதுக்கிட்டு இருக்கா!"

எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. ஆனா கேக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கே. வாழ்க்கையில மொத தடவையா மிஸ் கிட்ட நானா வாயத் தெறந்தேன்.

"மிஸ்... அப்ப பூண்டு?"

மிஸ் என்னயப் பாத்தாங்க. எம்மகளப் பாத்தாங்க. அவ பன்ன முழுங்கிட்டு, கேக்காமலே "ஐ ஆம் கார்லிக்!"னு ஆரம்பிச்சு நாலு வரியையும் ஒப்பிச்சுட்டா. டிரைவர் அண்ணன் கை தட்டுனாரு.

அழுதுக்கிட்டு வந்த மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"பூண்டு இவளுக்குத்தான். ஆனா இனிமே உங்க லெட்டரே எனக்கு வேணாம்மா. என்னால தாங்க முடியாது. லீவ் வேணும்னா புள்ளைய நேர்ல கொண்டாந்து, உசுரோட காட்டிட்டு, அப்புறமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இப்ப எம்மக ஸ்கூலுக்கு லீவ் போடணும்னா, மொதல்ல ஸ்கூலுக்குப் போயாகணும்.