துண்டுக்கு அடியில் இரண்டு வருடம்

விடாமுயற்சியைப் பற்றிப் பேசச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் நழுவிவிடுவேன். அந்தக் குணம் எனக்கு இல்லாமல் இல்லை. கொஞ்சம் அதிகமாகவே உண்டு. முழுக்க முழுக்கத் தப்பான ஒரு காரியத்தை இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல், ஒழுங்காகப் பழகியவன் நான்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருடங்கள் அவை. அப்பா மேரியில் (நகராட்சி அலுவலகத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) பியூன். காலை ஆறிலிருந்து ஏழு வரை அவர் பெருக்கித் துடைக்கும்போது, அங்கிருந்த டைப்ரைட்டரில் நான் பழகிக்கொள்ளலாம் என்று பெரிய குமாஸ்தா அனுமதித்திருந்தார். மழை, காய்ச்சல், தீபாவளி எதற்கும் நான் விடுப்பு எடுத்ததில்லை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்டிப்புக்குக் குறைவில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து என் கைகளுக்கு மேல் போட்டு மூடிவிடுவார்.

"பாத்து அடிக்க யாராலதான் முடியாது? பாக்காம அடி."

அடித்தேன். ஆங்கிலக் கடிதம், பிரெஞ்சுக் கடிதம் எல்லாமே அந்த ஒரே மிஷினில்தான். கடைசியில் துண்டு இல்லாவிட்டால் எனக்கு விரலே ஓடாது என்ற நிலைமை வந்துவிட்டது.

நெரவியில் காமாட்சியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேலை கிடைத்தால்தான் முகூர்த்தம் என்பது அவள் அப்பா சோமு மாமாவின் நிபந்தனை. நாகப்பட்டினத்தில், மலாயாவுக்கு வெங்காயம் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்ட் தேவை என்று தெரிந்ததும் மனுப் போட்டேன். கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் சாமர்த்தியத்தை நேரில் பார்க்க மாமாவும் கூடவே பஸ் ஏறினார். (வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டுமே என்றுதான் நினைத்தேன்.)

மேனேஜர் ஒரு கடிதத்தைக் கொடுத்து, மிஷினைக் காட்டினார். நான் உட்கார்ந்து, பையிலிருந்து அப்பாவின் துண்டை எடுத்து, விசைகளை மூடினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார். பெஞ்சில் இருந்த மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை.

ஆறு நிமிடத்தில் முடித்தேன். அடித்த தாளின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சந்தேகப்படுகிறவன்தான் திரும்புவான் என்பது அப்போது என் கட்சி.

மேனேஜர் தாளை உருவி வெகுநேரம் படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இது என்ன பாஷை?"

வாங்கிப் பார்த்தேன். 'ஏ' இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'க்யூ' உட்கார்ந்திருந்தது. தேதிக்குப் பதில் ஏதேதோ குறிகள். முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லாமல் கடிதம் முடியவே முடியாது என்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. மலாயா என்ற ஊரே காணாமல் போயிருந்தது. வெங்காயம் எங்கே போய்ச் சேரும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

துண்டை எடுத்தேன். பிரெஞ்சு மிஷினில் எழுத்துகளின் வரிசை வேறு, ஆங்கில மிஷினில் வேறு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காரைக்காலில் நான் கண்டதெல்லாம் பிரெஞ்சு மிஷின்தான். தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். நான் சொன்னது இது:

"சார், உங்க மிஷின் தப்பா இருக்குங்க."

"அப்படியா? ஏழு வருஷமா கவனிக்கலையே தம்பி" என்றார் அவர், துளியும் கோபமில்லாமல்.

திரும்பும் பஸ்ஸில் மாமா பேசவில்லை. எல்லையில் சுங்கக்காரர் ஏறி, பையில் என்ன என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. ஒரு துண்டு."

முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. சுரக்குடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அவர்கள் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தைவிட, காமாட்சி கைநழுவிப் போய்விடுவாளோ என்ற பயம்தான் அதிகம். ஊரில் ஆங்கில மிஷின் கிடையாது. ஒரு அட்டையில் அந்த வரிசையை வரைந்து, அதே ஆறு மணிக்கு, வீட்டில் உட்கார்ந்து அட்டையைத் தட்ட ஆரம்பித்தேன். சத்தமே வராத டைப் அடிப்பு. பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வருடம் பழகிய விரல் லேசில் வழிக்கு வருமா? பத்து மாதம் ஆயிற்று.

மறுபடி அதே மேனேஜரிடம் போய் நின்றேன். அவரே மறக்காமல், "துண்டு கொண்டாந்தியா?" என்றார். இல்லை என்றேன். அடித்தேன். இந்தத் தடவை வெங்காயம் மலாயாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் இருந்து, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓய்வுபெற்றேன்.

கல்யாணத்தன்று பந்தியில்தான் மாமா அதைச் சொன்னார். வாத்தியார் சம்பந்தத்தை முடிக்க அவர் கிளம்பியபோது காமாட்சிதான் தடுத்திருக்கிறாள்.

"தப்பையே ரெண்டு வருஷம் தவறாம பண்ணியிருக்காரு. சரியானது எதுன்னு தெரிஞ்சா, அதை ஆயுசுக்கும் பண்ண மாட்டாரா?"

எனக்கு இதுவரை கிடைத்த நற்சான்றிதழ் இது ஒன்றுதான். இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன், கண் கலங்கிவிட்டது.

அந்தத் துண்டு கிழிந்து போய் எத்தனையோ காலமாகிறது. ஆனால் இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அது பஸ் நேரமோ, பேத்தியின் கணக்கோ, ரசத்தில் உப்போ, காமாட்சி அடுப்படியில் இருந்தபடியே கேட்கிறாள்:

"துண்டை எடுத்துப் பாத்துட்டீங்களா?"

நான் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.